ஃபேன் சுத்தினா அம்மா முகம் வாடும்

நாங்க வங்காளி ஊருல இருந்தப்ப மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம் தம்பி, மழை பெஞ்சா பள்ளமெல்லாம் குளம். இப்ப கரண்டு போய் கீழே ஜெனரேட்டர் போட்டாங்கள்ல, அந்த டீசல் வாடையில நெனப்பு அங்க போயிருச்சு.

அப்போ கரண்டு பத்தாது. சாயங்காலம் மில்லுக்கு விட்டா வீட்டுக்குக் கிடையாது, வீட்டுக்கு விட்டா மில்லு நிக்கும். சர்க்கார் மாத்தி மாத்தி விட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, இருந்ததே கொஞ்சம்.

அப்பாவுக்கு மில்லுல தினக்கூலி. வீட்டுல ஃபேன் சுத்தினா பக்கத்து வீட்டு மாஷிமா, பெரியம்மாங்கிற மாதிரி, அவங்களோட பிள்ளைங்க, வந்துருச்சு வந்துருச்சுன்னு குதிக்கும். எங்கம்மா மட்டும் அரிசிப் பானையைத் திறந்து பாப்பா. கொஞ்ச நேரத்துல அப்பா வெறுங்கையோட வந்து நிப்பாரு.

ஒருநாள் மாஷிமா சிரிச்சாங்க. "வெளிச்சம் வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே, நீ என்ன ஆந்தையாடி?"

"மில்லு நின்னுருச்சு தீதி. இன்னைக்குக் கூலி இல்ல"ன்னு சொன்னா அம்மா. அங்க தீதின்னா அக்கா.

மறுநாளும் ஃபேன் சுத்துச்சு. பிள்ளைங்க குதிக்கக் கிளம்புச்சு. "சுப்!"னு, வாயை மூடுங்கன்னு, மாஷிமா ஒரே அதட்டல். அத்தனை புழுக்கத்துக்கு அப்புறம் காத்து வந்தும் அந்த வீட்டுல சத்தமே இல்ல.

அந்தக் கரண்டு கஷ்டத்தை யாராவது பேசினா, மாஷிமா அதட்டினதையும் சேத்துச் சொல்லு தம்பி.