நாலு ஊர் சுற்றிய சவரக்கத்தி

ஒரு சவரக்கத்திக்குச் சொந்த ஊர் எது? இரும்பு தோண்டிய ஊரா, அதை எஃகாகக் காய்ச்சிய ஊரா, கூர் தீட்டிய ஊரா, விற்ற ஊரா? மூன்று மாதமாக யோசிக்கிறேன், எனக்கு இன்னும் தெரியவில்லை.

இந்தக் கேள்வி வந்ததே என் மகளின் தலையால்தான். அவளுக்குப் பதினோரு மாதம், திருமலையில் முதல் மொட்டை போடவேண்டும். நாங்கள் இருப்பது திருப்பதி, மலைக்குப் போவது பெரிய காரியமில்லை. ஆனால் நகரியிலுள்ள என் மாமனார் வீட்டில் ஒரு வழக்கம். மலைக்குக் கிளம்புமுன் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, வீட்டுச் சவரக்கத்தியால் மூன்று இழுப்பு இழுப்பார்கள். மீதி முடிதான் சாமிக்கு. அந்தக் கத்தி மாமனாரின் அப்பா வாங்கியது. மடித்தால் கொம்புப் பிடிக்குள் அடங்கும், விரித்தால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேதியியல் படித்தவள் என்ற தைரியத்தில், "இது என்ன ஸ்டீலுன்னு தெரிஞ்சிக்கினு வச்சிக்கலாமே மாமா" என்றேன்.

"ஜெர்மனி ஸ்டீலும்மா. எங்க நைனா தறியில குந்திக்கினே இதால மொகம் வழிப்பாரு. சும்மாவா?"

அலகுக்கும் பிடிக்கும் நடுவே இரும்பு கழுத்துபோலக் குறுகும். பழைய கத்திகளின் ஜாதகம் அங்கேதான் பொறித்திருக்குமாம். செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். ஒரு கடைப் பெயரில் பாதியும், அதன் கீழே மெட்ராஸ் என்று ஆங்கிலத்திலும் இருந்தது.

மாமனாரின் முகம் தொங்கிப்போனது. "மெட்ராஸா? காலையில ரயிலேறினா மத்தியானம் வாங்கிக்கினு வந்துடலாம். இதுக்கா அவ்ளோ பீத்திக்கினாரு?"

பழைய சவரக்கத்தி சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் படத்தைப் போட்டேன். அன்று மாலையே பதில் வந்தது. அந்தக் காலத்துக் கடைகள் வெளிநாட்டில் கத்தி செய்யச் சொல்லி, தங்கள் பெயரைப் பொறித்து வாங்குமாம். இதன் வடிவம் ஜெர்மனியின் சோலிங்கன் ஊர் வேலைபோலத் தெரிகிறதாம். ஆனால் அங்கே தீட்டியவர்களில் சிலர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து எஃகை வரவழைத்தார்கள். ஷெஃபீல்டுக்காரர்களோ நல்ல இரும்புக்கு ஸ்வீடனை நம்பியிருந்தார்கள்.

மாமனாருக்கு உயிர் வந்தது. "நாலு ஊரு சுத்திக்கினு நம்ம ஊட்டுக்கு வந்துகீது பாரு!"

குழுவில் இன்னொருவர் கேட்டார்: அலகின் பக்கவாட்டில் தங்க நிற எழுத்து ஏதாவது உண்டா? இருந்தால் எந்த ஊர் எஃகு என்று அதிலேயே போட்டிருக்கலாம்.

முன்பு எழுத்து இருந்தது. கல்யாணமான வருஷம் ஆயுத பூஜைக்கு, பூஜையில் வைக்கும் சாமான்களையெல்லாம் என்னிடம் கொடுத்துத் துலக்கச் சொன்னார் மாமியார். குத்துவிளக்கோடு சேர்த்துக் கத்தியையும் புளி போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். எஃகில் புளி படக்கூடாது என்று புது மருமகளுக்குத் தோன்றவில்லை. எழுத்து புளியோடு போய்விட்டது. "எப்டி மின்னுது பாரு" என்று வீடே மெச்சியது. நானும் கத்தியை மடித்துப் பிடிக்குள் தள்ளிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போனபோது மாமனாரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எழுத்தா? அப்டி ஒண்ணு இருந்துச்சா? மூஞ்சி வழிக்கிறவன் எழுத்தா படிச்சிக்கினு இருப்பான்? போம்மா" என்று சிரித்தார்.

எழுத்தில்லாமல் இனித் தேட ஒன்றுமில்லை; அதோடு என் சாக்கும் தீர்ந்தது. வீடு திரும்பும்போது கணவர் கேட்டார்: "நீ கத்தியோட ஊரைக் கண்டுபுடிக்கிறியா, மொட்டையைத் தள்ளிப் போடறியா?"

"ரெண்டுந்தான்" என்றேன்.

ஆனால் கத்தி குழந்தையின் தலையைக் கீறிவிடுமோ என்ற என் பயம் வீண் பயமில்லை. புளி கடித்த இடத்திலெல்லாம் பொடிப்பொடியாகக் கறுப்புக் குழிகள். இரண்டு குழிகள் கூர் விளிம்பிலேயே இருக்கின்றன. அன்று கிளம்புமுன் அதையும் மாமனாரிடம் காட்டியிருந்தேன்.

"தண்ணியில முடி நல்லா ஊறினா வெண்ண மாதிரி வரும். உன் ஊட்டுக்காரனுக்கும் இத்தாலதான் இழுத்தேன். அவன் தல நல்லாத்தானே கீது?"

கணவரின் தலையைப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை.

அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது. மடி தரப்போகும் என் தம்பி, "பேண்டேஜ் எத்தினி வாங்கியாரணும்க்கா?" என்று போனில் கிண்டல் செய்கிறான். கத்தியைப் பூஜையில் வைத்துவிட்டு, மூன்று கொத்து முடியைக் கத்தரிக்கோலால் வெட்டலாமா என்று கேட்க ஆசை. மாமனார் மனசு நோகுமே என்றும் இருக்கிறது. கொதிநீரில் போட்டெடுத்து, சாணைக்காரரிடம் கொடுத்துக் குழி போகத் தீட்டினால் போதுமா என்றும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் இப்படிப் பழைய கத்தியால் குழந்தைக்கு முடி எடுத்திருக்கிறீர்களா? இல்லை, வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? எப்படிச் சொன்னீர்கள்? அந்த வார்த்தைகளை அப்படியே எனக்கு எழுதுங்கள்.