ஹசன் மாமாவின் உறுதி

குழைத்த சந்தனத்தின் ஈரவாசம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் பக்கத்திலுள்ள தாள்களையெல்லாம் எட்டத் தள்ளிவைப்பேன். பக்தியால் அல்ல, பயத்தால்.

தொண்ணூறுகளில், எனக்குப் பத்து வயதிருக்கையில், யாழ்ப்பாணத்திலிருந்து குடிபெயர்ந்து ஒனிஹங்காவில் நாங்கள் வாடகைக்கிருந்த வீட்டுக்கு ஹசன் மாமா ஒரு பழைய காணிப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்தவர். துருக்கியர், ஆனால் துருக்கி நாட்டவர் அல்லர். யூகோஸ்லாவியா உடைந்து முளைத்த புதுநாடொன்றில் அவருடைய ஆட்கள் சிறுபான்மை. பழைய அரசு பறித்த அவர் குடும்பத்தின் புகையிலை வயலை, மூலப்பத்திரத்தைக் காட்டினால் திருப்பித் தருவதாகப் புதிய அரசு சொல்லியிருந்தது. திங்கட்கிழமை ஊருக்குப் பறக்கும் உறவினரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்; அதுவரை, நாலுபேர் தங்கும் தன் அறையைவிட, யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் எழுத்தராக இருந்த அப்பாவின் மேசையே பாதுகாப்பென்று நம்பினார். “அபி, இது உங்களிடம் இருக்கட்டும்” என்றார். ‘அபி’ என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். காணிப் பத்திரத்தை நாங்கள் ‘உறுதி’ என்போம்.

சனிக்கிழமை சரஸ்வதி பூசை. “எழுத்து உள்ளதெல்லாம் எடுத்து வையடா, ஒண்டையும் விடாத” என்றார் அம்மா. வாழ்க்கையில் அபூர்வமாக அன்றைக்குச் சொல்பேச்சுக் கேட்டேன். கணக்குப் புத்தகம், அட்லஸ், டெலிபோன் டைரக்டரி, ஹசன் மாமாவின் உறுதி, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தேன். உறுதியில் அழகான வட்ட முத்திரை ஒன்று இருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம்போல.

பூசை முடிந்து உறுதியை மேசையில் திருப்பி வைக்கப் போனபோதுதான் முத்திரை காணாமல்போனது கண்ணில் பட்டது. ரப்பரால் தேய்த்தேன். சந்தனம் நின்றது, முத்திரையில் பாதி ரப்பரோடு வந்தது. அந்தப் புதுநாட்டு இராணுவம் எங்கள் வீட்டுக்கு எந்தப் பஸ்ஸில் வந்திறங்கும் என்று உண்மையாகவே யோசித்தேன்.

“டேய், மற்றவன்ரை காணியடா இது!” என்று அப்பா தலையில் கைவைத்தார்.

“சாமிக்கு வைச்சதுதானே, ஒண்டும் ஆகாது” என்றார் அம்மா.

“அரசாங்கக் கந்தோரில கையெழுத்துப் போடுறது சாமியோ?”

ஞாயிறு மாலை ஹசன் மாமா வந்ததும், அப்பா மறைக்காமல் சொல்லி என்னை முன்னால் தள்ளினார். மாமா பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்திருந்தார். “உங்கள் கடவுளிடம் காட்டியாயிற்று, இனி எங்கள் அரசாங்கம்தான் பாக்கி” என்று சிரித்தார். தாளை மெல்ல மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்; மறுநாள் அது உறவினரோடு பறந்தது.

இரண்டு மாதம் டெலிபோன் அடித்தபோதெல்லாம் எனக்குக் காய்ச்சல். கடைசியில் அவரே வந்து சொன்னார்: நிராகரித்துவிட்டார்கள். முத்திரையை எவரும் பார்க்கவேயில்லையாம். இடையில் வந்த அரசுகள் குடும்பப் பெயரை மாற்றி எழுதியிருந்ததால், பத்திரத்திலுள்ள பாட்டனாரும் இவர்களும் ஒரே குடும்பம் என்பதற்கு அத்தாட்சி இல்லையென்று கையை விரித்துவிட்டார்களாம்.

நான் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு துள்ளினேன். என்னால் இல்லை! என்னால் இல்லை! வெளியே வந்தபோது அவர் முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்பா.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கார் விற்கிறார்கள். அப்பா போனார், பின்னர் ஹசன் மாமாவும். முத்திரையைக் கெடுத்ததற்கு அவரிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். துள்ளியதற்குத்தான் கேட்கவில்லை, இனிக் கேட்க ஆளுமில்லை.