தண்ணீருக்கு ஏறிய ஈயம்

லட்சக்கணக்கில் விலைபோகும் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாம் என்று பார்த்தால், அந்தச் சோதனைக்கூடத்தில் வேறு ஆள் கிடையாது. ராஜபாளையத்தில் ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் பொட்டு உண்டு, தறிக்கும் பொட்டு உண்டு. ரத்தத்தில் ஈயம் அளக்கும் கருவி மட்டும் வெறும் நெற்றியோடு நிற்பதா? நெற்றி என்று ஒன்று அதற்குக் கிடையாதுதான். ரத்தக் கிண்ணங்களை வைக்கும் தட்டுக்கு நேர் மேலே தட்டையாக ஓர் இடம் இருந்தது. தாராளமாகவே வைத்தேன்.

அந்தக் கருவி தேடுவது, ஊருணியில் கரைந்த ஒரு சிட்டிகை உப்பைப் போன்ற அளவை. அதனால் ரத்தத்துக்கு நடக்கும் உபசாரம் அத்தனையையும் ஒரு கிண்ணம் காய்ச்சி வடித்த நீருக்கும் செய்து, பூஜ்யம் வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். பிளாங்க் என்போம். மாதக்கணக்கில் பூஜ்யமே வந்ததால், சும்மா இருக்கிற தண்ணீரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நிறுத்தியிருந்தேன். தரக்கட்டுப்பாடு பற்றி நான் படித்த புத்தகங்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தன.

பூஜை முடிந்த வாரம், ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஒருவர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் ஒருவரின் ரத்தத்தை அனுப்பினார். ஆள் சோர்ந்து தெரிகிறார், ஈய எழுத்தோடு புழங்குகிறவர், எதற்கும் பார்த்துவிடுங்கள் என்று. பார்த்தேன். ஈயம் எக்கச்சக்கம். ரிப்போர்ட்டை அன்றே கொடுத்தனுப்பினேன்.

நான் குடியிருந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான்; அந்தக் கம்பாசிட்டர் எனக்கு முகப்பழக்கம். இரண்டு நாள் கழித்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் பார்த்தால், அந்தக் கம்பாசிட்டர் அச்சக வாசலில் நிற்கிறார். உள்ளே ஐப்பசி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலை தடதடத்துக்கொண்டிருந்தது.

"என்ன, வெளிய நிக்கிறீங்க?"

"ரத்தம் சுத்தமாகுற வரைக்கும் எழுத்துப் பெட்டிப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாரு மொதலாளி. வேற ஆளப் பாக்காராம். எனக்கு இத விட்டா வேற வேல தெரியாது சார்." பிறகு, "எம்புட்டு ஈயம் சார் இருக்கு? உருக்குனா ஒரு பத்திரிகைக்கு எழுத்துத் தேறுமா?" என்றார். 

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை, நின்றும் இருப்புக்கொள்ளவில்லை. காலமெல்லாம் ஈயத்தில் கைவைத்தவருக்கே என்றாலும், இவ்வளவு வருமா? வராது என்றால்?

போனதும் என் ரத்தத்தையே எடுத்து ஓட்டினேன். எனக்கும் எக்கச்சக்கம். பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாதவன் நான். அதற்குப் பிறகுதான் தண்ணீரின் ஞாபகம் வந்தது. தண்ணீருக்கும் ஏறியிருந்தது. என் கணக்குப்படி கம்பாசிட்டர், நான், தண்ணீர் மூவருமே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியவர்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். காய்ந்த பொட்டு மின்விசிறிக் காற்றில் உதிர்ந்து, நேர் கீழே கிண்ணங்களில் விழுந்துகொண்டிருந்தது. சிவப்பு தூக்கலாகத் தெரிய, மலிவுக் குங்குமத்தில் ஈயச் செந்தூரம் கலப்பதுண்டு. இதையும் படித்திருந்தேன்.

பொட்டைத் துடைத்து, கிண்ணங்களை அமிலத்தில் ஊறப்போட்டு, பூஜ்யம் வரும்வரை தண்ணீரையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். பூஜ்யத்துக்காக நான் இப்படித் தவித்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் அது தானாகவே வந்துகொண்டிருந்தது.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, புது ரத்தம் எடுக்கவைத்து, தண்ணீரையும் பக்கத்தில் வைத்து அளந்தேன். அச்சுத் தொழில்காரருக்கு இருக்கக்கூடிய கொஞ்சநஞ்சம்தான் இருந்தது. கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடட்டும், வேலைக்குத் தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டர்.

முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கம்பாசிட்டர் வீட்டுக்குப் போனேன். அவரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து பிளாங்க், செந்தூரம், காற்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். நாளைக்கு வேலைக்குப் போலாமா?"

"போலாம். மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

நாளைக்கு என்ன நாளைக்கு என்று அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, என்ன விஷயம் என்று விசாரித்த பக்கத்து வீட்டம்மாளுக்கு அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஒண்ணுமில்லக்கா. எங்க வீட்டுக்காரர் ரத்தத்தச் சோதிக்கப் போயி, சார் தான் வச்ச குங்குமத்தையே கண்டுபிடிச்சிருக்காவ."