ஏரிக்குள்ள ஓடுற ஒரே கல்லு

எங்க ஏரியில தலை நீட்டிட்டு நிக்கற பாறையெல்லாம் ஒரே கல்லுன்னு நான் சொன்னா எங்க ஊட்டுக்காரரு சிரிப்பாரு. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். ஏரிக்கு மேல போற ஒத்தையடிப் பாதையில மிளகுக் காட்டுக்குத் தினமும் நடக்கறவ நான். அவரு ரோட்டுல பைக்குல போறவரு. மேல இருந்து பார்த்தாத்தானே தெரியும்? கரைப் பாறையில ஓடுற வெள்ளை வரி, ஏரிக்குள்ள அந்தாண்ட இருக்கற பெரிய பாறையிலயும் அதே சாய்வுல ஓடும். நடுவுல தண்ணிக்கு அடியிலயும் மங்கலாத் தெரியும். அடியில சேறு கெடையாது, கல்லும் பருமணலுந்தான். அதனால மழைக்காலத்துலகூட எங்க தண்ணி கலங்காது. ஆனா கரையில நின்னு பார்த்தா வானந்தான் தெரியும், அடி தெரியாது.

ஒரு நாளு அவரு லாரி டியூப்புல உக்காந்து தள்ளிட்டுப் போய், பெரிய பாறையில மீன் புடிச்சிட்டிருந்தாரு. டியூப்பைக் கட்டி வெக்கணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தோணும், அவருக்குத் தோணல. காத்து அதை எதிர்க்கரைக்கு அடிச்சுட்டுப் போயிருச்சு. எங்க மலையில இந்த ஏரியை விட்டா ஓடையும் அருவியுந்தான், நீச்சல் பழகுறவங்க யாருமில்ல. அவருக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் காட்டுல இருந்து எறங்கி வந்து பார்த்தா, தூண்டிலும் கையுமா முழிச்சிட்டு நிக்கறாரு. மேற்கால மூடுபனி எறங்கிட்டிருந்துச்சு. பின்னாடியே மழை வந்துரும், அந்த வழுக்குப் பாறையில மனுசன் நிக்க முடியாது. ஊருக்குள்ள போய் ஆள் கூட்டிட்டு வர நேரமில்ல.

கரைப் பாறை உச்சியில ஏறி வரியை நல்லாப் பார்த்து வெச்சுக்கிட்டேன், அது போற தடத்துலயே நடந்தா கல்லு மேலயே போயிரலாம்னு. சேலையை ஏத்திச் செருகிட்டு, ஒரு கம்பை ஊனி எறங்கினேன். முழங்கால் ஆழம்னு நெனச்சுக் கால் வெச்சா இடுப்பு வரைக்கும் வந்துருச்சு. தெளிஞ்ச தண்ணி அப்படித்தான், ஆழத்தைக் கம்மியாக் காட்டும். பாதி உசுரு போயிருச்சு எனக்கு. ஆனா காலுக்கடியில கல்லு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் கம்பை விட்டுப் பார்த்தேன், எட்டவே இல்ல.

திரும்பிப் போடீன்னு அவரு கத்துனதை நான் காதுலயே வாங்கல. அவரு நின்ன பாறை ஓரத்துக்கே போய்க் கையை நீட்டினேன். மனுசன் அசையல. தண்ணியையே பார்த்துட்டு நின்னாரு. அவரு கண்ணுக்கு அது வெறும் கறுப்பு.

“என்னைய நம்ப வேண்டாமுங்க. நான் நின்னுட்டிருக்கறேன்ல, அதைப் பாருங்க.”

தூண்டிலைக் கீழ போட்டுட்டு எறங்கினாரு. அவரு புடிச்ச புடியில என் வளையல் ஒடஞ்சுது. நான் கால் எடுத்த எடத்துல அவரு கால் வெச்சாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல எனக்குப் பின்னால அவரு நடந்தது அன்னிக்குத்தான். பாதி வழியில பனி மூடிருச்சு. அதுக்கப்புறம் கம்பாலயும் காலாலயும் தடவித்தான் வந்தோம்.

கரையேறினதும் வேட்டியைப் புழிஞ்சுக்கிட்டே ஏரிப் பக்கமாத் திரும்பி நின்னாரு. பனியில ஒரு பாறையும் தெரியல.

“ஒரே கல்லுதான் புள்ள,” அப்படின்னாரு.

அது வரைக்கும் புடிச்சிருந்த கம்பை அப்பத்தான் கீழ விட்டேன். அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்.