நீராவி அக்காவின் கெடு

அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, ட்ரேயில் அடுக்கி, துணியால் சுற்றி, நீராவியில் கிருமி நீக்கி அனுப்பும் அறை அந்த மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருந்தது. அங்கே முப்பத்தொரு வருடமும் நான்கு மாதமும் வேலை பார்த்தவரை எல்லோரும் நீராவி அக்கா என்றே அழைத்தார்கள். அவர் கையால் போன ட்ரே ஒன்றுகூட, குறை சொல்லி அறுவை சிகிச்சை அறையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதில்லை. பதிவேட்டைப் புரட்டினால் எவரும் பார்க்கலாம்.

அறையின் மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில், அவர் கைப்பட எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு. அந்த மாதத்தில் ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும் நேரம் அதில் இருக்கும். பொழுது சாய்வதற்குள் கோபம் தணிந்துவிட வேண்டும் என்று கிறிஸ்தவ வேதம் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நீராவி அக்கா அதைக் கெடுவாகவே எடுத்துக்கொண்டார். யார் மேல் கோபமோ, அவரிடமே அன்று மாலைக்குள் போய் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். சொன்னதோடு சரி, மறுநாள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

"எனக்குக் குளிர்காலம்தான் பிடிக்கும். பொழுது சீக்கிரம் சாயும், திட்டும் சீக்கிரம் முடியும்" என்பார் லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர்.

அந்தக் கெடுவை ஒரே ஒருமுறை, தொடர்ந்து நாற்பது நாள், அவர் தவறவிட்டார்.

அக்காவின் ஓர்ப்படிக்கும் அதே அறையில்தான் வேலை. கணவரின் தம்பி மனைவி, அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். அவளை அங்கே சேர்த்துவிட்டதே அக்காதான். பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது, அந்த நாற்காலி எட்டு வருடம் பிந்தி வந்த ஓர்ப்படிக்குப் போயிற்று. அவளிடம் சான்றிதழ் இருந்தது, அக்காவிடம் இல்லை. அன்று மாலை அக்கா, "நல்லா இரு" என்று மட்டும் சொன்னார். மனதில் எரிந்ததைச் சொல்லாமலே பொழுது சாய்ந்தது. வழக்கமாக ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள், மறுநாளிலிருந்து முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள்.

அக்காவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. கோபத்துக்காவது வேதம் ஒரு பகல் பொழுது கொடுக்கிறது. பொறாமைக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. அது எலும்பை உள்ளிருந்து அரிக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முழங்கால் வலித்தபோதெல்லாம், இது வயதின் வேலையா, பொறாமையின் வேலையா என்று யோசித்தார்.

நாற்பத்தொன்றாம் நாள் இரண்டு பேர் விடுப்பு. சூப்பர்வைசரான ஓர்ப்படியே மேஜையருகே நின்று ட்ரே அடுக்கினாள். மாலை நான்கு இருபதுக்கு, ஆறவைத்திருந்த பதினான்காம் எண் ட்ரேயை அக்கா தூக்கினார். சத்தமே இல்லை. பக்கத்து ட்ரேயைத் தூக்கிப் பார்த்தார். அது சலசலத்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும், கத்தரிக்கோல் போன்ற கிளாம்புகளை எண்ணும்போது ஒவ்வொன்றாகப் பூட்டி எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் வாயைத் திறந்து வைக்க வேண்டும். பூட்டியிருந்தால் சலசலக்காது, இடுக்குக்குள் நீராவியும் போகாது. நடுவில் டெலிபோன் வந்து சூப்பர்வைசர் எழுந்து போனதை அக்கா பார்த்திருந்தார். திறக்க மறந்திருக்கிறாள்.

ட்ரேயைப் பேசாமல் கீழே வைத்துவிட்டால் போதும். காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் துணியைப் பிரிப்பார், பார்ப்பார், திருப்பி அனுப்பிப் புகார் எழுதுவார். புது நாற்காலி ஆட்டம் காணும். அக்கா ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆனால் வேறு ட்ரே வரும்வரை, யாரோ ஒரு நோயாளி ஆபரேஷன் மேஜையில் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும்.

ட்ரேயைப் பிடித்தபடி அவர் நின்ற நேரம் இருபது நிமிடம். ஜன்னலருகே தாளில் அன்றைய நேரம்: ஐந்து ஐம்பத்தொன்று.

நான்கு நாற்பதுக்கு ட்ரேயோடு சூப்பர்வைசர் மேஜைக்குப் போனார்.

"இதைத் தூக்கிப் பாரு."

தூக்கியவளின் முகம் வெளுத்தது. "ஐயோ அக்கா! பூட்டியே வச்சுட்டேனா?"

"பன்னிரண்டும். வா, பிரிக்கலாம்."

இருவரும் சேர்ந்து பிரித்தார்கள், திறந்தார்கள், புதுத் துணியில் சுற்றினார்கள். நான்கு ஐம்பத்தைந்துக்கு இயந்திரத்தின் கதவு மூடியது. நாற்பத்தெட்டு நிமிடம் ஆகும். எதிரெதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

"இன்னொன்னும் சொல்லணும்" என்றார் அக்கா. "இதை அப்படியே விட்டுடலாம்னு இருந்தேன். நாற்பத்தோரு நாளா உன்னைப் பாத்தாலே வயிறு எரியுது."

"தெரியும்க்கா. பஸ்ல உங்க முதுகையே பாத்துட்டு வந்தேனே, தெரியாதா? கொண்டையே முறைச்சுது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"நாற்காலி உங்களுக்கு வந்திருக்க வேண்டியதுதான்" என்றாள் ஓர்ப்படி.

"அதைச் சொல்லாத. அந்தக் கம்ப்யூட்டர் எழவை நான் தொட மாட்டேன். ஆனா எரிஞ்சுது, அவ்வளவுதான். சொல்லிட்டேன், முடிஞ்சுது."

ஐந்து நாற்பத்துமூன்றுக்கு இயந்திரம் மணியடித்தது. ஆறியபின் அக்கா ட்ரேயைத் தூக்கினார். சலசலத்தது. அதற்குள் ஓர்ப்படி பதிவேட்டில் எழுதியிருந்தாள்: "ட்ரே எண் 14. கிளாம்புகள் பூட்டியிருந்தன. தவறு என்னுடையது. மறுபடி நீராவியில் வைக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் அக்கா."

"அக்கான்னு எழுதுவாங்களா? பணி எண்ணை எழுது."

"அதையும் எழுதியிருக்கேன். அடுத்த பக்கம் பாருங்க. இடம் பத்தல."

பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். வாசலில் நின்ற லிஃப்ட் மெக்கானிக் இருவரையும் பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"ஏழாகப் போகுது. கெடு தாண்டிடுச்சே, அம்மணி?"

"பேச்சு முடிஞ்சு, மெஷினும் மணியடிச்சப்ப எட்டு நிமிஷம் பாக்கி இருந்துச்சு. சந்தேகம்னா உங்க தம்பி பொண்டாட்டியைக் கேளுங்க" என்று நிமிர்ந்த தலையோடு உள்ளே போனார் நீராவி அக்கா.