சல்லடைமேல் ஒரு திருஷ்டிப் படம்

கேரவன் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்த ஒரு பழைய வேன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் விட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, பின் மூலையில் ஒரு ஆள் நின்று குளிக்கிற அளவுக்குக் குளியலறை எல்லாம் வைத்தோம். குளியலறைச் சுவரில் கேஸ் கீசர். எனக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது.

அந்தக் கீசரைக் கவனித்துக்கொண்டதுபோல என் உடம்பைக்கூட நான் கவனித்ததில்லை. கேஸ் டியூப் மாட்டும் இடத்தில் வாரம் ஒரு முறை சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். போர் தண்ணீரின் உப்பு அடைக்காமலிருக்க வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவேன். புகை போக ஒரு குழாய், வேனின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே ஒரு சல்லடையில் முடியும். அது அடைத்தால் விஷப்புகை உள்ளே திரும்பிவிடும், வாசனையே தெரியாது என்று மனைவிக்கு நூறு தடவை பாடம் எடுத்திருக்கிறேன்.

முதல் பயணத்துக்கு முந்தின நாள் காலை, எதிர்வீட்டுக்காரர் வேனைச் சுற்றிவந்து பார்த்தார். எங்கள் அயனம்பாக்கத்தின் பழைய குடும்பம், தண்ணி லாரி வைத்திருப்பவர்.

"சூப்பரா கீது சார் வண்டி. கண்ணு பட்டுடும், ஒரு திருஷ்டிப் படம் மாட்டிடு."

உடனே போய், விழியை உருட்டி நாக்கை நீட்டும் தகரப் படம் ஒன்று வாங்கிவந்தேன். பின்பக்கம் மாட்டப் போனேன். மனைவி முன்பக்கம் மாட்டச் சொன்னாள்.

"பின்னால சல்லடை இருக்குங்க."

"எனக்குத் தெரியாதா? போய் உன் வேலையைப் பாரு!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் கோபம் வந்தால் கத்தமாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள்.

பின்சுவரில் இரண்டு சல்லடை. ஒன்று கீசருடையது. இன்னொன்று, எப்போதோ விசிறி இருந்த வெற்று ஓட்டை; படத்தால் அதை மறைத்துவிடலாம் என்பது என் கணக்கு. உள்ளே நின்று பார்த்தால் கீசர் இடது பக்கம். வெளியே வந்து அதே சுவரைப் பார்த்து நின்றால் அது வலது பக்கமாகிவிடும். இருந்த ஆத்திரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. வலது சல்லடைமேல் படத்தை வைத்து நான்கு திருகாணியை முடுக்கினேன்.

கீசரைச் சோதிக்க அன்று வேனிலேயே குளிப்பதாக ஏற்கெனவே பேச்சு. என் முகத்தைப் பார்க்காமல் துண்டோடு உள்ளே போனாள். தெருவுக்குத் தெரியுமே என்று சின்ன ஜன்னலையும் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சூடு போதுமா?"

பதில் இல்லை. கோபம் இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தேன். எனக்கும் வீம்பு வந்தது. மறுபடி கூப்பிடவில்லை.

வேனுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருந்தது. வந்துகொண்டே இருந்ததுதான் கடைசியில் என்னை உலுக்கியது. சோப்புப் போடும்போது குழாயை மூடிவைக்கிறவள் அவள். இந்தத் தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வேனுக்கு வெளியே மாட்டியிருந்த கேஸ் சிலிண்டரை மூடினேன். கதவை உதைத்துத் திறந்தேன். பாவாடையை மார்போடு கட்டியபடி மூலையில் சரிந்து கிடந்தாள். என் அலறலைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"வெளிய தூக்கு சார், காத்து படட்டும்!"

தூக்கிவந்து தெருவில் கிடத்தினோம். தன் காரை எடுக்க ஓடியவர் வேனின் பின்பக்கம் ஒரு கணம் நின்றார். "இன்னா சார், பொகை போற வாயையே மூடி வச்சிகீறியே!"

அவர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலம்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. அதுவரை நான் வேண்டாத தெய்வமில்லை.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. கோவத்துல பேசல" என்றாள். "அப்புறம் தலை சுத்திச்சு, சத்தம் வரல. இன்னொரு தடவை கூப்பிடுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது கீசர் வேனுக்கு வெளியே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. படத்தைக் கழற்றிவிட்டேன், நான்கு திருகாணி ஓட்டைகளும் அப்படியேதான் இருக்கின்றன. சண்டை மட்டும் ஓயவில்லை, நாள்கணக்கில் பேசாமலும் இருக்கிறோம். ஆனால் அவள் குளிக்கும்போது நான் கூப்பிடுவேன். "இருக்கேன்" என்பாள், வேண்டாவெறுப்பாக.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் கூப்பிடுவேன்.