அடக்கம் என்று எண்ணிவிட்டார்கள்

ஒரு பெண் மேடையேறி, "என் உடம்பு கெட்டுப்போச்சு" என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்களா? எங்கள் காகித ஆலையில் தட்டினார்கள்.

சிகுசா ஒகிட்சு என்னோடு சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். மதியத்துக்கு மேல் ஆலை அணிக்காக நீந்துவாள். நானூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல். பள்ளி நாளிலேயே மாகாணத்தில் முதலிடம். அந்த வேகத்துக்காகத்தான் வேலை கொடுத்தார்கள். நீச்சலை அவளாக விட்டால் வேலையும் போகும்.

சென்ற ஆண்டு தேசியப் போட்டிக்குச் சற்று முன்பு, வலது தோளில் தசைநார் கிழிந்திருப்பதை மருத்துவர் படமெடுத்துக் காட்டினார். நீந்தினால் அறுந்துவிடும் என்றார். பயிற்சியாளர் நவாதாவிடம் போய்ச் சொன்னாள்.

"வழியனுப்பு விழாவுக்கு மண்டபம் சொல்லியாச்சு. நீ ஜெயிக்கணும்னு ஆலையே உக்காந்து ஆயிரம் காகிதக் கொக்கு மடிச்சிருக்கு. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பே?"

"கையத் தூக்க முடியல சார். தலை வாரிவிடவே அக்காதான் வர்றா."

"அப்ப மேடையில நீயே சொல்லு. நான் தடுக்கலையே."

சொன்னாள். "என் தோள் கெட்டுப்போச்சு. என்னால நீந்த முடியாது. வேற யாரையாவது அனுப்புங்க."

எங்கள் ஊரில் மேடையேறுகிறவர் தன்னைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். வெல்வேன் என்றால் திமிர். ஆகவே மண்டபம் இதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டது. ஒரே கைதட்டல். லாரி ஓட்டும் இசோபே பின்வரிசையிலிருந்து கத்தினார்: "தோள் போனா என்ன, கால் ரெண்டும் இருக்குல்ல! விடாதே சிகுசா!" எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி கொக்குச் சரத்தை நீட்டினார். பழக்கத்தில் அவள் குனிந்து வணங்கினாள். அதுவே சம்மதமாகிவிட்டது.

இதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோம்! மருத்துவரின் படத்தைவிடக் காகிதக் கொக்கை நம்புவதற்கு வேறு பெயர் உண்டு.

போட்டியில் முந்நூறு மீட்டர் தாண்டியதும் தோளின் தசைநார் அறுந்தது. ஒற்றைக் கையால் நீந்தி முடித்தாள். அதற்கும் கைதட்டினார்கள். அறுவை சிகிச்சை முடிந்து அவள் வீடு திரும்புமுன் ஆலை வாசலில் துணிப் பதாகை தொங்கியது: "மீண்டு வா, சிகுசா!"

வரும் வெள்ளிக்கிழமை, இந்த ஆண்டுப் போட்டிக்கு மறுபடி வழியனுப்பு விழா. இம்முறையும் நீந்தக் கூடாது என்கிறார் மருத்துவர். "எப்படிச் சொன்னா நம்புவாங்க?" என்று நேற்று என்னைக் கேட்டாள். சென்ற முறை அவள் சொன்னதைவிடத் தெளிவாகச் சொல்ல எந்த மொழியிலும் வழியில்லை.

மண்டபத்துக்கு வருகிறவர்களே, அவள் பேசி முடித்ததும் கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, "பட்டியல்லேருந்து அவ பேரை எடுங்க" என்று உரக்கச் சொல்லுங்கள்.